எத்தனை வேளை உண்பது? எடை குறைப்பார்க்கு அறிவியல் கூறும் விடை

உடல் பருத்த ஒருவர் எடையைக் குறைக்க உறுதி பூண்ட அன்றே இரு வேறு அறிவுரைகள் அவர் காதில் வந்து விழுகின்றன. "மூன்று வேளை வயிறு நிறைய உண்பதை விடுக, ஆறு வேளை சிறிது சிறிதாக உண்க" என்பார் ஒருவர். "ஒரு வேளை, மிஞ்சினால் இரு வேளை, மற்ற நேரமெல்லாம் வெறும் நீர்" என்பார் மற்றொருவர். இருவருமே தம் கூற்றுக்குச் சான்றாக எடை குறைந்த உறவினர் ஒருவரைக் காட்டுவர். ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விரு வழிகளுள் எது சரி? அல்லது இரண்டுமே சரியா? இவ்வினாவிற்கு விடை காண மேனாட்டு ஆராய்ச்சியாளர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துள்ளனர். அவர்கள் நடந்து வந்த வழியை அறிந்தால் விடை தானே விளங்கும்.

தமிழ் மரபில் வேளைக் கணக்கு

தமிழர் உணவை வேளையாலும் பொழுதாலும் எண்ணி வந்தனர். நோன்பு நாளில் ஒரே முறை உண்பதை 'ஒருபொழுது இருத்தல்' என்பது இன்றும் வழக்கு. ஒரு வேளை உண்பவன் யோகி, இரு வேளை உண்பவன் போகி, மூன்று வேளை உண்பவன் ரோகி என்னும் பொருள்பட ஒரு முதுமொழியும் மக்களிடையே வழங்குகிறது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியும் இரு பொழுது உண்பதையே நெறியாகக் கூறுகிறது. ஆகவே, குறைந்த வேளை உண்பதே சிறப்பு என்னும் எண்ணம் தமிழரிடம் பழையது.

மலாயாவிற்கு வந்த தமிழரின் வேளையை வகுத்தது தோட்டத்து வேலை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடிக்க வேண்டிய தொழிலாளிக்கு முதல் உணவு அரும்பசிக்குப் பின்னரே கிட்டியது. காலை உணவை இந்நாட்டுத் தமிழர் 'பசியாறுதல்' என்றே கூறுகின்றனர். பசி முன்னே வந்து, உணவு பின்னே வர வேண்டும் என்னும் முறை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

பிராக் நகரின் முதல் ஆய்வு

அறிவியல் உலகில் இவ்வினாவைப் பெரிதாக எழுப்பியவர் பாவெல் ஃபாப்ரி என்னும் செக் நாட்டு ஆராய்ச்சியாளர். அவரும் அவர் குழுவினரும் பிராக் நகரில் 60 முதல் 64 வயது வரையுள்ள 379 ஆடவரை ஆராய்ந்து, தம் முடிவை 1964ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். நாளுக்கு மூன்று வேளையோ அதற்கும் குறைவாகவோ உண்டவரிடம் உடற்பருமன் மிகுந்து காணப்பட்டது. அவர்கள் குருதியில் கொழுப்புச்சத்தான கொலஸ்டராலும் மிகுந்திருந்தது. சர்க்கரையை ஏற்று ஆளும் ஆற்றல் குன்றியிருந்தது. ஐந்து வேளையோ அதற்கு மேலோ உண்டவர் நிலை இவற்றில் மேம்பட்டிருந்தது.

இம்முடிவு பலரையும் ஈர்த்தது. அடிக்கடி உண்டால் உடல் மெலியும் என்னும் செய்தி யாருக்குத்தான் இனிக்காது? அடுத்த சில பத்தாண்டுகளில் மருத்துவரும் உடற்பயிற்சி ஆசிரியரும் 'சிறிது சிறிதாக, அடிக்கடி' என்பதை விதியாகவே கூறத் தொடங்கினர்.

அடுப்பும் விறகும்

இவ்விதிக்கு அவர்கள் காட்டிய காரணம் ஓர் உவமை. உடல் ஓர் அடுப்பு. அடிக்கடி விறகு தள்ளினால் தீ அணையாது எரியும். நெடுநேரம் விறகில்லையேல் தீ அவியும் என்றனர். கேட்பதற்கு இவ்வுவமை பொருத்தமாகவே தோன்றும். ஆயின் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் குறை புலனாகும்.

உண்ட உணவைச் செரிப்பதற்கும், அதன் சத்தைப் பிரித்துச் சேர்ப்பதற்கும் உடல் சிறிது ஆற்றலைச் செலவிடுகிறது. கலப்புணவில் இச்செலவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஒருவர் நாளுக்கு 1800 கலோரி உண்கிறார் எனக் கொள்வோம். மூன்று வேளையாக உண்டால் வேளைக்கு 600 கலோரி. ஒவ்வொரு வேளைக்கும் செரிமானச் செலவு 60. மூன்று வேளைக்கும் சேர்த்து 180. அதனையே ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 300 கலோரி, செலவு 30, ஆறு வேளைக்கும் சேர்த்து அதே 180. விறகை மூன்று கட்டாகத் தள்ளினாலும் ஆறு கட்டாகத் தள்ளினாலும் எரியும் விறகு ஒன்றே; எழும் வெப்பமும் ஒன்றே.

இக்கணக்கு ஆய்வுக்கூடத்திலும் மெய்ப்பிக்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டு மாஸ்டிரிக்ட் நகரில், மனிதரை ஓர் அறையில் தங்க வைத்து, அவர் உட்கொள்ளும் உயிர்வளியையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்து, உடல் செலவிடும் ஆற்றலைக் கணிக்கும் முறை உண்டு. 1990களின் தொடக்கத்தில் அங்கு, ஒரே அளவு உணவை இரண்டு வேளையாகவும் ஏழு வேளையாகவும் கொடுத்து அளந்து பார்த்தனர். ஒரு நாள் முழுதும் செலவான ஆற்றலில் வேறுபாடு காணப்படவில்லை.

1997ஆம் ஆண்டில் பெலீல், மக்டெவிட், பிரெண்டிஸ் என்னும் மூவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கி, வேளைகளைக் கூட்டுவதால் எடை குறையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று எழுதினர். 2010இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உடல் பருத்த 16 பேரை இரு பிரிவாக்கி எட்டு வாரம் சோதித்தனர். இரு பிரிவினர்க்கும் உணவு ஒரே அளவு குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மூன்று வேளை உண்டனர். மற்றவர் மூன்று வேளையோடு மூன்று சிற்றுண்டியும் உண்டனர். முடிவில் இரு பிரிவினர் எடையிலும் குறைந்தது ஏறத்தாழ ஒரே அளவே.

முதல் ஆய்வு பிழையா?

அங்ஙனமாயின் 1964இல் ஃபாப்ரி கண்டது பொய்யோ என்னும் ஐயம் எழலாம். அவர் கண்டது பொய்யன்று. அதற்குப் பிறர் கொண்ட பொருளே ஆராயத்தக்கது. ஓரிடத்தில் இரண்டு சேர்ந்திருப்பதைக் கண்டவுடன், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனக் கொள்வது எளிய தவறு. குடை பிடித்தவர் மிகுந்த நாளில் மழை பெய்கிறது. அதனால் குடையே மழையைப் பெய்விக்கிறது என யாரும் கூறார். குறைந்த வேளை உண்டதனால் அவர்கள் பருத்தனரா, பருத்துவிட்டோமே என்று அஞ்சி ஒரு வேளையைக் குறைத்தனரா என்பதை அத்தகைய ஆய்வு பிரித்துக் காட்ட இயலாது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. உண்டதை எழுதித் தருமாறு கேட்டால் மக்கள் முழுவதையும் எழுதுவதில்லை. இதனை வெளிப்படுத்தியது 1980களில் மனிதரிடம் பயன்படுத்தத் தொடங்கிய ஒரு நீர்ச்சோதனை. கனமான ஐதரசன் அணுவும் கனமான ஆக்சிசன் அணுவும் கலந்த நீரைப் பருகச் செய்து, அவை இரண்டும் உடலை விட்டு வெளியேறும் வேகத்தை ஒப்பிட்டால், ஒருவர் சில நாட்களில் உண்மையாகச் செலவிட்ட ஆற்றலை அறியலாம். இச்சோதனையின்படி, பலர் எழுதிக் கொடுத்த உணவு அவர்கள் செலவிட்ட ஆற்றலுக்குப் போதாததாக இருந்தது; உடல் பருத்தவரிடம் இக்குறை மிகுதி. அவர்கள் பொய் கூறினர் என்பதன்று. வேளை உணவு நினைவில் நிற்கும். இடையில் கொறித்தது நினைவில் நில்லாது. ஆகவே 'மூன்று வேளை உண்பவர்' என ஏட்டில் எழுதப்பட்டவருள் சிலர் மெய்யாக ஆறு வேளை உண்டவராகவும் இருந்திருக்கலாம்.

அதே நகரின் இரண்டாம் ஆய்வு

ஃபாப்ரியின் கட்டுரை வந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே பிராக் நகரிலிருந்து வேறோர் ஆய்வு வெளிவந்தது. 2014இல் ஹானா கலேயோவா என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இரண்டாம் வகை நீரிழிவு உடைய 54 பேரைச் சோதித்தனர். தேவைக்கு 500 கலோரி குறைவான ஒரே உணவுத் திட்டத்தை, அவர்கள் 12 வாரம் ஆறு சிறு வேளைகளாகவும், 12 வாரம் காலை, நண்பகல் ஆகிய இரு பெரு வேளைகளாகவும் உண்டனர். ஆறு வேளை உண்ட காலத்தில் சராசரி 2.3 கிலோவும், இரு வேளை உண்ட காலத்தில் 3.7 கிலோவும் எடை குறைந்தன.

இம்முறை தராசு மறுபக்கம் சாய்ந்தது. எனினும், இதனைக் கொண்டு இரு வேளையே சிறந்தது என முழங்குவதும் முன்னைய தவறே ஆகும். இவ்வாய்வில் வேளையின் எண்ணிக்கை மட்டுமன்றி நேரமும் மாறியது. இரு வேளை உண்டவர் இரவுணவையே நீக்கிவிட்டனர். பயன் தந்தது எண்ணிக்கையா, இரவுணவின்மையா என்பதைப் பிரித்தறிதல் அரிது.

நோன்பு முறையும் பசியாறலும்

அண்மைக் காலத்தில் நாளின் 8 மணி நேரத்துள் உணவை முடித்து 16 மணி நேரம் உண்ணாதிருக்கும் முறை பெரிதும் பேசப்படுகிறது. இதனையும் சோதித்துள்ளனர். அமெரிக்காவில் 116 பேரைக் கொண்டு 12 வாரம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இம்முறையைப் பின்பற்றியவர் சராசரி ஒரு கிலோவிற்குச் சற்றுக் குறைவாகவே இழந்தனர். மூன்று வேளை உண்டவருக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேர் ஓராண்டு பங்கேற்ற ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் அனைவர்க்கும் உணவின் அளவு குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் உண்டனர். அவர்கள் 8.0 கிலோவும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர் 6.3 கிலோவும் குறைந்தனர். இவ்வேறுபாடும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவினதே என ஆய்வாளர் முடிவு செய்தனர். இரு பிரிவினர்க்கும் பயன் தந்தது உணவின் அளவைக் குறைத்தமையே.

பசியாறாமல் விட்டால் உடல் பருக்கும் என்னும் நம்பிக்கையும் இவ்வாறே சோதனைக்குள்ளாயிற்று. 13 சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வுரையில், காலையுணவு உண்டவர் உண்ணாதவரைவிட நாளுக்கு ஏறத்தாழ 260 கலோரி மிகுதியாக உண்டனர் எனவும், அவர்கள் எடை அரைக் கிலோ அளவு கூடியிருந்தது எனவும் கண்டனர். அச்சோதனைகள் பெரும்பாலும் குறுகிய காலத்தன. ஆதலின் பசியாறுவதை விட்டொழிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. எடையை எண்ணி, பசியில்லாதபோதும் கட்டாயமாக உண்ண வேண்டுவதில்லை என்பதே பொருள்.

எண்ணிக்கை எப்பொழுது பயன்படும்?

மேற்கூறியவற்றால் வேளையின் எண்ணிக்கைக்குத் தனியாற்றல் இல்லை என்பது தெளிவு. எனினும் அஃது ஒருவகையில் முதன்மை உடையதே. உணவைக் குறைப்பவரை வீழ்த்துவது பசி. எந்த முறையில் பசி அடங்கி நிற்கிறதோ, அம்முறையே அவர்க்கு ஏற்றது. ஒருவர் நெடுநேரம் உண்ணாதிருந்தால் இரவில் கட்டுமீறி உண்பார். அவர்க்கு இடையில் ஒரு சிற்றுண்டி அரண் ஆகும். மற்றொருவர் ஒரு பிஸ்கட்டைத் தொட்டால் பொட்டலம் முடியும்வரை விடமாட்டார்; அவர்க்கு இடையுணவு இல்லாமையே அரண்.

பசியை அடக்குவதில் உணவின் தன்மைக்கும் பங்குண்டு. 2011இல் அமெரிக்காவில் உடல் பருத்த 27 ஆடவரிடம் நடந்த ஆய்வில், புரதம் மிகுந்த உணவு உண்டவர் நாள் முழுதும் வயிறு நிறைந்த உணர்வு பெற்றனர். ஆறு வேளையாகப் பிரித்து உண்டதால் அவ்வுணர்வு மேலும் கூடவில்லை. பருப்பு, கடலை, மீன், முட்டை, தவ்வு ஆகியவை அத்தகைய உணவுகள். நேரத்தைப் பொறுத்தும் ஒரு செய்தி உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 30 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், பெரும்பகுதி உணவைக் காலையில் உண்ட போதும் மாலையில் உண்ட போதும் குறைந்த எடை ஒன்றே. ஆயின் காலையில் மிகுதியாக உண்ட நாட்களில் பசி குறைவாக இருந்தது. எடைக்கு அன்றாயினும், மன உறுதிக்கு இது துணை.

இந்நாட்டுக்குரிய கணக்கு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வினா வெறும் அறிவு விளையாட்டு அன்று. 2019ஆம் ஆண்டின் மலேசிய தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோருள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர். 2023இல் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019 ஆய்வில் நாட்டின் நீரிழிவு அளவு 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே இத்தகைய நோய்கள் தோன்றுவதால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் உடல் நிறைக் குறியெண் 23ஐயும் 27.5ஐயும் ஆசியர்க்குரிய எச்சரிக்கை எல்லைகளாகக் குறித்தது. 160 சென்டிமீட்டர் உயரமுடைய ஒருவர்க்கு அவை ஏறத்தாழ 59 கிலோவும் 70 கிலோவும் ஆகும்.

ஈண்டு வேளைக் கணக்கை ஏமாற்றுவது எது என்று நோக்கினால், அது பெரும்பாலும் வேளையுணவு அன்று. பத்து மணிக்கு ஒரு தே தாரேக். மாலை நான்கு மணிக்கு ஒரு கரிபாப்பு. இரவு பதினொரு மணிக்கு நண்பரோடு ஒட்டுக்கடையில் ஒரு ரொட்டி சானாய். ஒரு கோப்பைத் தே தாரேக்கில் சுமார் 150 கலோரியும், ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரியும் உள்ளன. இவ்விரண்டும் சேர்ந்தாலே ஒரு வேளை உணவுக்கு நிகராகும். எனினும் "இன்று எத்தனை வேளை உண்டீர்?" என்று கேட்டால், உண்டவர் தயங்காமல் "மூன்று" என்பார். பருகியது உண்டதாக அவர் கணக்கில் வருவதில்லை. பால் வெட்டிய பாட்டனார் உடல் அதே ரொட்டியை வேலையில் எரித்திருக்கும். மேசையின் முன் அமரும் பேரன் உடல் அதனைச் சேமித்து வைக்கிறது.

ஆதலின், எடை குறைக்க விரும்புவார் முதலில் செய்யத்தக்கது வேளையைக் கூட்டுவதோ குறைப்பதோ அன்று. ஒரு வாரம், வாயில் இடுவன பருகுவன அனைத்தையும் அவ்வப்போதே குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பு ஒருவர் உண்மையில் எத்தனை வேளை உண்கிறார் என்பதைக் காட்டும். அடுத்து, வேளைதோறும் தட்டின் அளவைச் சீர்செய்தல் வேண்டும். தட்டில் பாதி காய்கனி, கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம் என்னும் முறையை இரு நாட்டு நலத்துறைகளும் பரிந்துரைக்கின்றன. அதன் பின்னரே, தம் வேலைக்கும் பசிக்கும் ஏற்ப இரண்டோ மூன்றோ நான்கோ வேளையை வகுத்துக்கொண்டு, அதனை நாள்தோறும் பிறழாது கடைப்பிடித்தல் தகும்.

ஓர் எச்சரிக்கை

வேளையைக் குறைப்பது எல்லார்க்கும் தீங்கற்றதன்று. நீரிழிவுக்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரை உண்போரும், வழக்கமான உணவை விட்டால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவு தாழக்கூடும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள், மயக்கமும் நேரலாம். இத்தகையோர் நண்பர் சொல் கேட்டு ஒருபொழுது இருக்கத் தொடங்குவது உயிரோடு விளையாடுவதாகும். மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவை மாற்றிய பின்னரே உணவு முறையை மாற்றுதல் வேண்டும். கருவுற்ற மகளிரும், வளரும் சிறாரும், முன்பு உண்ணா நோயால் வருந்தியவரும் இம்முயற்சியில் தாமாக இறங்கலாகாது.

வள்ளுவர் எண் கூறாதது ஏன்?

திருக்குறளில் 95ஆம் அதிகாரமான 'மருந்து' பெரிதும் உணவைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், பசித்த பின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல் என்பவற்றை வள்ளுவர் அங்கு வலியுறுத்துகிறார். ஆயின் அப்பத்துக் குறள்களுள் ஒன்றிலேனும் 'இத்தனை வேளை உண்க' என்னும் எண் இல்லை. உழவனுக்கும் வணிகனுக்கும், இளையோர்க்கும் முதியோர்க்கும் ஒரே எண்ணை வகுத்தல் இயலாது. அளவும் பசியும் மட்டுமே எல்லார்க்கும் பொதுவானவை.

பிராக் நகரில் 1964இலும் 2014இலும் தராசின் இரு தட்டுகள் மாறி மாறித் தாழ்ந்தன. இடைப்பட்ட காலத்து ஆராய்ச்சியெல்லாம் சேர்ந்து காட்டுவது, எடையை ஆள்வது அளவு என்பதே. வேளை அவ்வளவைக் காப்பதற்கு அவரவர் கட்டிக்கொள்ளும் வேலி. வேலி எத்தனை கம்பியுடையது என்பதில் வழக்கிட வேண்டுவதில்லை. பயிர் காக்கப்படுகிறதா என்று பார்த்தல் போதும்.